என்னைத் தாண்டக் கூடாது

"எவ்வளவு?"

"சொல்ல மாட்டேன். மூச்சு வாங்கி முடிங்க, அப்புறம் சொல்றேன்."

"ஏன், அவ்வளவு மோசமா?"

"நல்லா ஓடியிருக்கீங்க. அதனாலதான் சொல்லல. சொன்னா இப்பவே இன்னொரு சுத்து கிளம்பிடுவீங்க."

அவர் முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தபடியே சிரித்தார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை மண்ணில் சொட்டியது.

"மேனேஜர், நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ ஓடியே செத்திருப்பேன்."

"செம்பாய்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பார்லி டீ ஊத்தட்டுமா?"

மருகமே ஊரில் எங்கள் உயர்நிலைப் பள்ளி மைதானம். எனக்குப் பதினாறு வயது, அவருக்குப் பதினேழு. ஒரு வருடம் மூத்தவர் என்பதால் நான் அவரை 'செம்பாய்' என்றேன். அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குள் என்ன இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'எனக்கும் ஒரு சுற்று ஓடணும். நீங்க ஸ்டாப்வாட்சைப் பிடிச்சுக்கிட்டு நேரம் சொல்வீங்களா?' அவ்வளவுதான். அது தொண்டை வரை வந்து பார்லி டீயாக மாறிப் போயிற்று.

நடுநிலைப் பள்ளியில் நான் எண்ணூறு மீட்டர் ஓடியவள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது அங்கே நெடுந்தூர ஓட்டத்தில் பெண்களுக்கு அணி இல்லை. பயிற்சி ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு, மேனேஜராக இருக்கிறாயா என்று கேட்டார். எங்கள் பள்ளிகளில் மேனேஜர் என்றால் அதிகாரி இல்லை. பையன்களுக்கு டீ காய்ச்சுகிறவள். எலுமிச்சையை வில்லை வில்லையாக நறுக்கித் தேனில் ஊறவைத்துக் கொண்டுவருகிறவள். அவர்கள் பனியன்களைத் துவைத்து உலர்த்துகிறவள். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்தில் ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று, சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் கூவுகிறவள். ஓட முடியாவிட்டாலும் ஓட்டத்தின் பக்கத்திலாவது நிற்கலாமே என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தக் கூவல் எனக்கு நன்றாக வந்தது. யார் எந்தச் சுற்றில் அவசரப்படுவான், யார் கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறான் என்பதெல்லாம் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இமோதோ கியோதகா என்ற அந்தச் செம்பாய் எப்போதும் அவசரப்படுகிற ரகம். கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து அவர்கள் ஓட்ட அணியிலும் இடம்பிடித்த வருடம், ஆற்றுப் பாலத்தில் என்னை நிறுத்தி, "வயசாகற வரைக்கும் என் நேரத்தை நீயே பார்த்துச் சொல்லேன், மேனேஜர்" என்றார். எங்கள் ஊர் ஆண்களிடம் இதைவிடத் தெளிவான திருமணப் பேச்சை எதிர்பார்க்க முடியாது. நான் சரி என்றேன்.

கொஞ்ச காலத்தில் அவருடைய குதிகால் நரம்பு கெட்டது. அணியிலிருந்து விலக்கினார்கள். வேலை மட்டும் மிஞ்சியது. கப்பலின் அடிவயிற்றுக்கு வண்ணம் பூசும் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அவர் ஓடவில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டார். "அடுத்தது வரும்" என்பார்.

எங்கள் மகள் நகிசா செவிலியர் வேலைக்காக வடக்கே செண்டாய் நகரத்துக்குப் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருப்பு அலமாரியின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர், "மேனேஜர், ஒரு மாரத்தான் ஓடிப் பார்க்கலாமான்னு இருக்கு" என்றார். மைதானச் சுற்றுகளை ஓடிய மனிதர் வாழ்நாளில் ஒரு முழு மாரத்தானை ஓடி முடித்ததில்லை. அதற்கு முன்பே கால் போய்விட்டது. மூன்றரை மணி நேரத்துக்குள் ஒரே ஒரு முறை முடித்துவிட்டால் போதும், அதோடு காலணியைக் கழற்றிவிடுவேன் என்றார்.

முதல் முறை நான் தலையிடவில்லை. அவர் தடித்த மையில் 'மூன்றரை மணி' என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். அந்த நேரத்தை நாற்பத்திரண்டு சொச்சம் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒவ்வொரு நாளும் அந்த வேகத்தில்தான் ஓடினார். மழை வந்தாலும் அதே வேகம், சளி பிடித்தாலும் அதே வேகம். ஆற்றங்கரையில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தவறுதான் இது. எந்த நேரத்தில் முடிக்க ஆசையோ, அதையே பயிற்சிக்கும் வேகமாக வைத்துக்கொள்வது. பிப்ரவரியில், பக்கத்து மாவட்டத்துக் கடலோரப் பந்தயத்தில், முப்பதாவது கிலோமீட்டரில் அவருடைய கால்கள் நின்றுபோயின. மீதியை நடந்து முடித்தார். தோளில் போர்வையோடு, உதடு நீலம் பாரித்து வந்தவரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பதினேழு வயதில் செய்த அதே முட்டாள்தனம்.

"அடுத்த வருஷம் வேகத்தை நான் போடறேன்" என்றேன். "நான் சொன்னபடி ஓடறதா இருந்தா ஓடுங்க. இல்லேன்னா கோல்ஃப் ஆடுங்க."

அவர் கோல்ஃபை வெறுக்கிறவர்.

*

ஏப்ரலில் ஒரு காலை, செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து கரையில் சேறாகிக் கிடந்த நேரம், தோகி ஆற்றங்கரையில் அவரை ஐந்து கிலோமீட்டர் முழு வேகத்தில் ஓடவைத்தேன். பழைய ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில். முடிவைப் பார்த்தேன். மூன்றரை மணி நேரத்துக்குரிய கால் அது இல்லை. மூன்றே முக்கால், அதுவும் நல்ல நாளாக இருந்தால்.

அவரிடம் சொன்னதும் முகம் சுருங்கியது. அப்படியென்றால் இலக்கை மாற்றச் சொல்கிறாயா என்று கேட்டார். இலக்கு அங்கேயே இருக்கட்டும், பயிற்சியை மட்டும் இன்றைய காலிலிருந்து தொடங்குவோம் என்றேன். நான் வேலை செய்வது பள்ளிக்கூட மதிய உணவுச் சமையற்கூடத்தில். இன்றைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே அரிசி களைவோம். அடுத்த வருடம் சேரப்போகிறவர்களுக்கு இப்போதே உலை வைக்க மாட்டோம்.

ஆகவே மூன்று வேகங்கள் போட்டேன். வாரத்தில் ஒரு நாள், பேச முடியாத அளவுக்கு விரைவு. ஒரு நாள், இன்றைய காலால் தாங்கக்கூடிய மாரத்தான் வேகம். மற்ற நாளெல்லாம் மெதுவோட்டம், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்ப்பது. கால் எவ்வளவு முன்னேறியிருக்கிறதோ அந்த அளவுக்கு வேகங்களை நகர்த்துவது. இலக்கு நம்மை இழுக்கக் கூடாது, நாம்தான் அதை நோக்கி நடக்க வேண்டும்.

விரைவு நாளில் சிக்கல் இல்லை. சண்டையெல்லாம் மெதுவோட்டத்தில்தான்.

"ஆறரையா? அது ஓட்டம் இல்ல, ஊர்வலம்."

"ஊர்வலமே போங்க."

அவரால் முடியவில்லை. நான் கூடை வைத்த என் சைக்கிளில் பின்னால் வருவேன். முதல் கிலோமீட்டர் சரியாக இருக்கும். பிறகு நாய்க்குட்டியோடு ஓடும் பெண் ஒருத்தி தாண்டிப் போவாள், இவர் கால் தானாக நீளும். பள்ளி மாணவர்கள் எதிரே வந்தால் நெஞ்சை நிமிர்த்துவார். சலவைக் கடை ஹமசாகி கரையில் உடற்பயிற்சி செய்துகொண்டே, "இமோதோ-சான், காலுல ஏதும் அடியா? ஆமை நேத்தே உங்களைத் தாண்டிப் போச்சே" என்று கேட்டுவிட்டால் போதும். அடுத்த பாலம் வரை கப்பல் தளத்து அணியில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். நான் பின்னாலிருந்து கத்துவேன். சைக்கிள் மணியை அடிப்பேன். அவர் காதில் விழாது.

மே மாதத்தில் ஒரு நாள் சைக்கிளின் பின் டயர் பஞ்சர். கரையில் நின்று யோசித்தேன். பின்னால் இருந்து கத்தியது போதும், முன்னால் போனால் என்ன?

"இன்னிக்கு நான் முன்னாடி ஓடறேன். நீங்க பின்னாடி வாங்க. என்னைத் தாண்டக் கூடாது. அதுதான் விதி."

அவர் என் காலைப் பார்த்தார். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய தோட்டக் காலணி. "எதுவரைக்கும்? பாலம் வரைக்குமா?" என்று சிரித்தார்.

பாலம் வரைக்கும்தான் முடிந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். அவர் அதே வேகத்தில் என்னைக் கடந்து, தலையைக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அன்று முதல்முறையாக மெதுவோட்டம் மெதுவாகவே முடிந்தது. திரும்பி வந்தவர், கால் லேசாக இருக்கிறது என்று வியப்போடு சொன்னார்.

டயரை ஒட்டிய பிறகும் சைக்கிளை எடுக்கவில்லை. கோடையில் அடுத்த பாலம், பிறகு மதகு. செப்டம்பரில் வெயில் தணிந்தபோது, போகவும் வரவும் முழு மெதுவோட்டமும் என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. தோட்டக் காலணியின் அடி பிளந்தது. தள்ளுபடியில் கிடைத்தது என்று சொல்லி உண்மையான ஓட்டக் காலணி ஒன்று வாங்கினேன். தள்ளுபடி இல்லை.

ஓடி முடித்ததும் கரையோர உடோன் கடையில் உட்காருவோம். சூடான சாற்றில் தடித்த நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள், ஓரத்தில் பொரித்த மீன் உருளை. அவர் மெதுவாக ஓடிய நாளில் வேகமாகச் சாப்பிடுவார், வேகமாக ஓடிய நாளில் மெதுவாக. கடைக்கார அம்மா இதைக் கவனித்து வைத்திருந்தாள். "இன்னிக்கு ஊர்வலமா?" என்று கேட்டுக்கொண்டே பெரிய கிண்ணத்தை எடுப்பாள்.

*

நவம்பரில் ஒரு காலை. ஈனோ மலையின் உச்சியில் மேகம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. என்ன நினைத்துக்கொண்டு ஓடினேன் என்று தெரியவில்லை. எதையும் நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது, கால்கள் அதோடு ஒத்துப்போயின. வழக்கமாக ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் கடிகாரத்தைப் பார்ப்பவள், அன்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மதகைத் தொட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வந்து பொத்தானை அழுத்திய பிறகுதான் பார்த்தேன். ஆறரை இல்லை. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்துக்கும் கீழே போயிருந்தது.

என் முதல் எண்ணம் மேனேஜருடையது. ஐயோ, அவருடைய மெதுவோட்டத்தைக் கெடுத்துவிட்டேன். இரண்டாவது எண்ணம் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே எவளோ ஒருத்தி கைதட்டினாள்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் கொஞ்சம் வேகமோ?"

"காத்து பின்னாடியிருந்து அடிச்சுது" என்றேன்.

ஆற்றோர நாணல்கள் அசையாமல் நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உடோன் கடையை நோக்கி நடந்தார்.

அன்று சமையற்கூடத்தில் அண்டா நிறைய மிசோ என்ற சோயா விழுதுச் சாற்றைக் கிளறிக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். யாருக்காவது வேகம் போடுவது எனக்குப் பழக்கம்தானே. மதிய உணவுக் கூடத்தில் வேலை செய்யும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண், இந்தக் காலோடு, முதல் மாரத்தானுக்கு என்ன இலக்கு வைக்கலாம்? நாலரை மணி நேரம். மெதுவோட்டம் எவ்வளவு, விரைவு எவ்வளவு, நீண்ட ஓட்டம் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? எல்லாம் விரலில் வந்து நின்றன. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அந்தப் பெண்ணுக்காகக் கடிகாரத்தைப் பிடிக்க ஆள் வேண்டும். அவள் அவசரப்படுகிறாளா, மிச்சம் வைத்திருக்கிறாளா என்று பக்கத்தில் வந்து சொல்ல ஒரு குரல் வேண்டும். தானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவதை அவள் விரும்பவில்லை. பதினாறு வயதில் அவள் ஆசைப்பட்டது அதுவல்ல.

புத்தாண்டு விடுமுறைக்கு நகிசா வந்தாள். புத்தாண்டுக்கான அரிசிக் கட்டியான மொச்சியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது என் காலைக் கிள்ளினாள்.

"அம்மா, இந்தக் கெண்டைக்கால் யாரோடது?"

"என்னோடதுதான். விடு."

"பொய். போன வருஷம் இங்க முள்ளங்கி மாதிரி இருந்துச்சு. நீயும் ஓடப் போறியா?"

மெதுவாகப் பேசு என்று சைகை காட்டினேன். பக்கத்து அறையில் அவர் கோதத்சு என்ற கணப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் புத்தாண்டுத் தொடரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓடும் பையனை வழக்கம்போல் திட்டிக்கொண்டும் அவனுக்காகக் கண் கலங்கிக்கொண்டும் இருந்தார். நகிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தாய் மகளிடம் சொல்லக் கூசும் அளவுக்குச் சிறிய ஆசை. அவள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"இப்ப வேண்டாம். அவர் மூணரைக்குள்ள முடிக்கட்டும். முடிச்சிட்டார்னா அவருக்கு வேலை முடிஞ்சுது, காலணியைக் கழட்டிடுவார். அப்பக் கேக்கறேன்."

"முடிக்கலேன்னா?"

"அப்ப இன்னொரு வருஷம் அவருக்கு நேரம் பார்க்கணும்."

"நீ அப்பாவுக்கு மேனேஜரா, மாமியாரா?" என்றாள் நகிசா. பிறகு மொச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அந்த நிபந்தனை நீயா போட்டுக்கிட்டதுதானே. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

ஓடுகிறவனின் ஆசை முதலில், கடிகாரம் பிடிக்கிறவளின் ஆசை பிறகு. எனக்கு அப்படித்தான் பழக்கம்.

*

பிப்ரவரி. பந்தயத்துக்கு முன் கடைசியாக ஓடிப் பார்த்த ஐந்து கிலோமீட்டர், மூன்றரை மணிக்கான கால் வந்துவிட்டது என்று சொன்னது. வந்துவிட்டது, ஆனால் கையில் மிச்சம் இல்லை. காற்று இல்லாமல் இருந்தால் முடியும்.

கிளம்பும் இடத்தில் கூட்டத்துக்குள் அவர் தொப்பியைத் தேடிக் கண்டுபிடித்தேன். முதல் ஐந்து கிலோமீட்டரில் யார் தாண்டினாலும் விட்டுவிடுங்கள் என்று முந்தின நாள் முழுக்கச் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்து விரலால் முதுகைத் தொட்டுக் காட்டினார். என்ன என்று புரியவில்லை.

நான் ரயிலில் ஏறிப் பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் போனேன். சரியான வேகம். அங்கிருந்து முப்பதாவதுக்கு. போன வருடம் அவர் கால் நின்ற இடம் அது. அதே வேகம், அதே நிமிர்ந்த தோள்.

"சரியா இருக்கு. இப்படியே" என்று கூவினேன். என் குரல் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய மைதானக் குரலாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

முடியும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கடலிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. கரையோரம் கட்டியிருந்த கொடிகளெல்லாம் ஓடிவருகிறவர்களின் முகத்துக்கு எதிராகப் படபடத்தன. பெரிய கடிகாரம் முடிவுக் கோட்டுக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். மூன்றரையை நெருங்கியது. வளைவில் தொப்பிகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் அவருடையது இல்லை. மூன்று, முப்பது என்று எண்கள் மாறின. பக்கத்தில் யாரோ, "ஐயோ" என்றார்கள், வேறு யாருக்காகவோ. என் கேள்வியும் அந்த எண்ணோடு இன்னொரு வருடத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லை, பழகின இடம்தானே என்று நினைத்தேன்.

வளைவில் அவர் வந்தார்.

நடக்கவில்லை. ஓடிவந்தார். முகத்தில் உப்புப் படிந்திருந்தது, ஒரு பக்கத் தோள் சரிந்திருந்தது, ஆனால் கால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, திரும்பி, தான் ஓடிவந்த சாலையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தினேன்.

"எவ்வளவு?"

"மூச்சு வாங்கி முடிங்க, அப்புறம் சொல்றேன்."

அவர் சிரிக்கத் தொடங்கி இருமினார். "அப்படின்னா தவறிடுச்சா?"

"ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல."

"ம்" என்றார். கடலைப் பார்த்தார். நான் அவர் முகத்தில் போன வருடத்து நீலத்தைத் தேடினேன். அது இல்லை. பசிதான் இருந்தது.

கூடாரத்தில் பன்றிக் கறியும் முள்ளங்கியும் போட்ட மிசோ சாறு ஊற்றிக்கொடுத்தார்கள். இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து அவருடைய காலணி நாடாவைத் தளர்த்தினேன். ஹமசாகியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆமை வீடு சேர்ந்ததா என்று கேட்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். சாறு மூக்கில் ஏறும்படி சிரித்தார்.

"காத்து ஆரம்பிச்சப்போ முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன்" என்றார் பிறகு. "போன வருஷமா இருந்தா அங்கயே நின்னிருப்பேன். நிக்காததுக்குக் காரணம் என்ன தெரியுமா?"

ஆறரை நிமிட மெதுவோட்டங்கள் என்று சொல்லப் போகிறார், நான் சொன்னதை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"உன் முதுகு" என்றார். "எட்டு மாசமா அதைத்தானே பார்த்துக்கிட்டு ஓடறேன். அந்தச் சாம்பல் சட்டை, அதுல தையல் விட்ட இடம். கடைசி அஞ்சு கிலோமீட்டரும் அது முன்னாடி போற மாதிரி நினைச்சுக்கிட்டேன். தாண்டவும் கூடாது, விடவும் கூடாது. அது போச்சு, நானும் போனேன்."

காலையில் விரலால் முதுகைத் தொட்டுக் காட்டியது அதுதான்.

நான் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பந்தயப் பையிலிருந்த விளம்பரத் தாளை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெற்றாக இருந்தது. முழங்காலில் விரித்து, பேனாவோடு என் பக்கம் நீட்டினார். காலணியைக் கழற்றப் போகிறவரின் முகம் இல்லை அது.

"ஒரு நிமிஷம்தானே. விட முடியாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வேகம் போடு, மேனேஜர்."

பேனாவை வாங்கினேன். கையும் தானாகவே தாளின் மேல் போயிற்று. முதல் வரியில் என்ன எழுத வேண்டும் என்பதுகூடத் தெரியும். ஏப்ரல், ஐந்து கிலோமீட்டர், இன்றைய காலிலிருந்து. எழுதிவிட்டால் இன்னொரு வருடம் இனிமையாகத்தான் போகும். ஆற்றங்கரை, உடோன் கடை, அவருடைய முணுமுணுப்பு, என் முதுகு. ஒரு குறையும் இருக்காது.

நகிசா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த நிபந்தனையைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது.

பேனாவை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றினேன். கயிறு தலைமுடியில் சிக்கியது. அவர் என்ன என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புப் படிந்த அந்தக் கழுத்தில் அதை மாட்டிவிட்டு, அது நேராகத் தொங்கும்படி சரிசெய்தேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு போலவே பார்லி டீ என்ற சொல் வாய் வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"இந்த வருஷம் என்னை மேனேஜர்னு கூப்பிடாதீங்க" என்றேன். "எனக்கும் ஒரு மாரத்தான் ஓடணும். வேகத்தை நீங்க போடுங்க. நீங்க சைக்கிள்ல பக்கத்துல வந்து, எனக்கு நேரம் பார்த்துச் சொல்லுங்க."